தாய்மொழிக் கட்டம்

நசீருதீன் என்று நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் இந்திக்குத் தாவிவிடுவார். பேங்கில், ஆர்.டி.ஓ. ஆபீஸில், மருந்துக்கடையில், எங்கே போனாலும் இதே கதைதான். "பாய், கியா ஹோனா?" என்பார். "ஏன் சார், தமிழ்ல கேட்டா மாத்திரை தர மாட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை சுருக்கென்று கோபம் வரும். எங்கள் வீட்டில் உருது கிடையாது. என் அத்தாவுக்கும் தெரியாது, அவருடைய அத்தாவுக்கும் தெரியாது. நாங்கள் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், கையேந்தி அல்லாஹ்விடம் கேட்பதும் தமிழில்தான்.

இரும்புலியூரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் இன்னொரு கிறுக்கும் தெரியும். கடை போர்டில் எழுத்துப் பிழை இருந்தால் என்னால் தாண்டிப் போக முடியாது. எங்கள் தெருமுனையில் முனியம்மா டிபன் கடை போட்டபோது 'சுட சுட இட்லி' என்று எழுதி வைத்திருந்தாள். "நடுவுல ஒரு ச் போடணும்மா. சுடச்சுட" என்றேன். "இன்னா பாய், ச் போட்டா இட்லி இன்னும் சூடாயிடுமா?" என்றாள். ஆனாலும் மறுநாள் போட்டுவிட்டாள், நடுவில் இடமில்லாமல் மேலே தொங்கவிட்டு. நான் ஏ.சி. மெக்கானிக். ஆனால் பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்தவன், பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் எடுத்து மேடையேறிப் பரிசு வாங்கியவன். என் கையெழுத்தும் தமிழில்தான். அ. நசீருதீன். சவூதியில் வேலை பார்த்த பதினேழு வருடமும் வருகைப் பதிவேட்டில் அதே கையெழுத்துதான்.

இப்படிப்பட்டவனின் மகளுக்குத் தமிழ் எழுத வராது. சிரிப்பீர்கள். சிரியுங்கள், நான் தடுக்கவில்லை.

ரூக்சார் பிறந்த மறுவருடமே அவளையும் என் மனைவி சாஜிதாவையும் சவூதியில் நான் இருந்த தம்மாமுக்கு அழைத்துக்கொண்டேன். அங்கே இந்தியப் பள்ளியில் சேர்த்தபோது, பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு நடத்துவோம் என்றார்கள். பதினொன்றுதான் சேர்ந்தது. அதனால் இந்தி. "அதனால என்ன, தமிழை நான் வீட்ல சொல்லித் தர்றேன்" என்று சாஜிதாவிடம் வீறாப்பாகச் சொன்னேன். சொன்னவன் செய்தேனா? அந்த ஊர் வெயிலில் ஏ.சி. மெக்கானிக் வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். பிள்ளை தமிழில் வாயாடக் கற்றுக்கொண்டாள், தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் பன்னிரண்டாவது முடித்து நாங்கள் ஊர் திரும்பியபோது இங்கிலீஷும் இந்தியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கிற ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.எஸ்சி. பிசிக்ஸ் இடம் கிடைத்தது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகப் புரியும். சேர்க்கைக் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா பெயர் நசீருதீன், மாணவி பெயர் ரூக்சார். அவ்வளவுதான் கேட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏழாவது கட்டத்தில், தாய்மொழி என்று போட்டிருந்த இடத்தில், 'உருது' என்று எழுதினாள். எட்டாவது கட்டம், கல்லூரியில் எடுக்கப்போகும் மொழிப்பாடம். அதில் 'இந்தி' என்று எழுதினாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம்.

"பேரைப் பார்த்தே மொழியைக் கண்டுபுடிச்சிடுவீங்களாம்மா? நான் உங்ககிட்ட உருதுல பேசினேனா?"

"சாரி சார், பொதுவா எல்லாரும் அப்படித்தான்..."

"எல்லாரும்னா யாரு?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரூக்சார் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தா, எட்டாவது பாக்ஸ் வேற. அது சப்ஜெக்ட். எனக்கு இந்திதான் வேணும், நான் அதுதானே படிச்சிருக்கேன்..."

"நீ சும்மா இரு. தமிழ்நாட்டுக்கு வந்துட்டு, வாய் நிறையத் தமிழ் பேசிக்கிட்டு, இங்கயும் இந்தியா?"

பேனாவைப் பிடுங்கினேன். ஏழில் உருதுவை அடித்துத் தமிழ் என்று எழுதினேன். எட்டில் இந்தியை அடித்துத் தமிழ் என்று எழுதினேன். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் அ. நசீருதீன், அ. நசீருதீன் என்று கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்ற ஒருவர் "சூப்பர் பாய்!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்து மகளுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதிதான் குடித்தாள்.

அந்தக் கவுண்டர் பெண் தப்பான காரணத்துக்காகச் சரியான பாடத்தை எழுதியிருந்தாள். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பள்ளியில் தமிழே படிக்காமல் வருகிற பிள்ளைகள் அங்கே இந்தியோ பிரெஞ்சோ எடுத்துக்கொள்ளலாம். கூடவே அடிப்படைத் தமிழ் என்று ஒரு சின்னப் பாடம் இருக்கும், அ, ஆ எழுதி நாலு வாக்கியம் படித்தால் பாஸ். பள்ளியில் தமிழ் படித்து வந்தவர்களுக்குத்தான் முழுத் தமிழ். செய்யுள், இலக்கணம், இலக்கிய வரலாறு, கட்டுரை என்று நான்கு செமஸ்டருக்கு நான்கு தாள். அ, ஆ தெரியாத பிள்ளையை அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான்.

முதல் செமஸ்டரில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. இரண்டாவது செமஸ்டரிலும் ஃபெயிலாகி, கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாடத்தை மாற்றித் தரச் சொல்லி ஓடினேன். முதல் செமஸ்டருக்குள் வந்திருந்தால் மாற்றியிருக்கலாம், இனி முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். சரி, நானே சொல்லித் தருகிறேன் என்று இறங்கினேன். நான் செய்த இரண்டாவது பாவம் அது.

"ஒரே சத்தத்துக்கு எதுக்கு அத்தா ரெண்டு ர?" என்று கேட்பாள்.

"யாரு சொன்னா ஒரே சத்தம்னு? காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு!"

ர, ற கூடப் பரவாயில்லை. ஒற்றுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. 'தமிழ் தாய்' என்று எழுதுவாள். "ஒற்று எங்க?" என்று மேஜையைத் தட்டுவேன். 'அதை பார்த்தேன்' என்று எழுதுவாள். "ஒற்று எங்க?" மறுபடியும் தட்டுவேன். இல்லாத எழுத்தை எப்படிப் பார்ப்பது என்று அவள் மலங்க மலங்க விழிப்பாள். "கடை போர்டைத் திருத்துற மாதிரி பிள்ளையைத் திருத்தாதீங்க. அது அழுவுது, பாருங்க" என்று சாஜிதா சமையலறையிலிருந்து கத்துவாள். கொஞ்ச நாளில் நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ரூக்சார் நோட்டைக் கையால் மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். "நானே படிச்சுக்கறேன் அத்தா" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் அவளுக்குப் படிப்பு முடிந்தது. பிசிக்ஸில் கல்லூரியிலேயே முதல் இடம். நுழைவுத்தேர்வு எழுதி, ஹைதராபாத்தில் பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடமும் வாங்கிவிட்டாள். அந்த ரேங்க் பட்டியலை சாஜிதா ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை. செப்டம்பர் முப்பதுக்குள் டிகிரி முடித்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். தமிழில் நான்கு தாளும் அரியராக நிற்கும்போது யார் சான்றிதழ் தருவார்கள்? ஜூலையில் நான்கையும் மறுபடி எழுதினாள். ஆகஸ்ட் நான்காம் தேதி காலையில் ரிசல்ட் வந்தது. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தாறு, இருபத்திரண்டு. நாற்பது எடுத்தால் பாஸ்.

நான் அப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சாஜிதா போன் செய்தாள்.

"பிள்ளையைக் காணோங்க. கடைக்குப் போய்ட்டு வரேன்னு ஒம்போது மணிக்குப் போனா. போனை ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுப் போயிருக்கா. இப்ப பன்னெண்டு ஆவுது."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்பேனரைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினேன். அவளுடைய சிநேகிதி ஜெரூஷாவுக்குப் போன் போட்டேன். "அங்கிள், அவ மனசு சரியில்லன்னா பெருங்களத்தூர் ஸ்டேஷன்ல போய் உக்காருவா. சீக்கிரம் போங்க" என்றாள். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே ஜி.எஸ்.டி. ரோட்டில் போனேன். சிக்னலில் யாரோ என்னைத் திட்டினார்கள். நின்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"எவ்வளவு நேரமாம்மா இங்க இருக்க?"

"தெரியல அத்தா. ஒவ்வொரு ட்ரெயின் வரும்போதும் எழுந்து நிக்கறேன். அப்புறம் உக்காந்துடறேன்."

எதற்கு எழுந்து நிற்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்று பயம். தாம்பரம் பக்கமிருந்து ஒரு ட்ரெயின் வந்தது. நான் அவள் கையை இன்னும் இறுக்கினேன்.

"வேற எதுல ஃபெயிலானாலும் தாங்கிப்பேன் அத்தா. வீட்ல பேசற மொழியில ஃபெயிலாயிட்டேனே. எல்லாருக்கும் தெரிஞ்சா உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. போர்டு திருத்தற பாய் பொண்ணு பாருன்னு."

இந்த நிலைமையிலும் அவள் என் மானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை மணிக்கட்டை விடவில்லை.

சாஜிதா மகளைப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தூங்கியதும் வெளியே வந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த ரெண்டு கட்டமும் நீங்க எழுதினது. நீங்களே போய் அழிச்சிட்டு வாங்க. எப்படின்னு எனக்குத் தெரியாது. எனக்கு என் பிள்ளை வேணும்."

மறுநாள் ரூக்சாரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அவளைத் தனியாக விட எங்கள் இருவருக்குமே தைரியமில்லை. முதலில் தமிழ்த்துறைத் தலைவர் பியூலா அம்மாவைப் பார்த்தோம். அவர் ரூக்சாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசினார்.

"சார், உங்க பொண்ணு வகுப்புல எழுந்து ஒரு பாட்டுக்குப் பொருள் சொன்னா மத்த பிள்ளைங்க வாயைப் பொளந்துகிட்டுக் கேக்கும். பேப்பரைத் திருத்தும்போது அந்தப் பொண்ணு அதுல இல்லவே இல்ல. பேசவெச்சு மார்க் போடலாம்னா நூறு போடுவேன். அப்படி ஒரு தேர்வு நம்மகிட்ட இல்லையே."

"வேற வழியே இல்லையாம்மா?"

"ஆபீஸ்ல சூப்பரின்டென்டன்ட் அரிகிருஷ்ணன்கிட்ட போங்க. அவருக்கு ஒரு விதி தெரியும். கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். கோவப்படாமக் கேட்டுக்கோங்க சார்."

அரிகிருஷ்ணன் ஓய்வுபெற ஒரு வருடமே மீதி இருக்கிற மனிதர். ரூக்சாரின் பெயரைக் கேட்டதும் அலமாரியிலிருந்து பழைய படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் போட்ட இரண்டு அடித்தலும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்கும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மொழிப்பாடத்தை இப்ப மாத்த முடியாது சார். ஆனா ஏழாவது கட்டமே தப்புன்னா மாத்தலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெத்தவங்களுக்கு வேற யாராவது ஃபாரம் நிரப்பி, அதுல தாய்மொழி தப்பாப் பதிவாயிருந்தா, எப்ப வேணாலும் திருத்திக்கலாம்னு விதி. ஏழு மாறினா எட்டும் தானா இந்திக்கு மாறும். இந்த மாசம் இருபதாம் தேதி ஸ்பெஷல் எக்ஸாம் இருக்கு. நாலு இந்திப் பேப்பரையும் ஒரே வாரத்துல எழுதிடலாம். அடிப்படைத் தமிழையும் அதோட முடிச்சிடலாம். ரிசல்ட் செப்டம்பர் பதினைஞ்சு."

"இந்தி நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன் சார்" என்றாள் ரூக்சார். நேற்றிலிருந்து அவள் குரலில் உயிரைக் கேட்டது அப்போதுதான்.

"லிஸ்ட் இன்னிக்கு நாலு மணிக்குக் குளோஸ்" என்றார் அரிகிருஷ்ணன். சுவரில் மணி மூன்றேகால்.

எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. "சரி சார், அடிச்சு எழுதினது நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன். பொண்ணு பள்ளிக்கூடத்துல தமிழே படிக்கல. மார்க் ஷீட் எல்லாம் கொண்டாந்திருக்கேன். அதுதானே உண்மை?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"உண்மைக்கு முதல் செமஸ்டரோட டைம் முடிஞ்சு போச்சு சார். அடிச்சது நீங்கன்னு சொன்னீங்கன்னா இந்த ஃபைலை இப்பவே மூடிடுவேன். அடிச்சது நீங்க இல்ல. கூட வந்த யாரோ அடிச்சு, பக்கத்துல உங்க பேரையும் அவங்களே எழுதிட்டாங்க. உங்க தாய்மொழி உருது. உங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்றது புரியுதா?"

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். யாரைப் பார்த்துய்யா என்ன சொல்கிறாய் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இது பொய்ச்சாட்சி, மறுமையில் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, அல்லாஹ் மன்னிப்பான், அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் இனிமேல் எவனாவது என் பெயரைக் கேட்டுவிட்டு உருதா என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவேன்? எழுத்தில் நானே ஒப்புக்கொண்டுவிட்டேனே?

ரூக்சார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வேணாம் அத்தா" என்றாள். "வாங்க, போலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம். பெருங்களத்தூர் பெஞ்சு என் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு ட்ரெயினுக்கும் எழுந்து நின்று, மறுபடி உட்காருகிற என் பிள்ளை. ஒரே ஒரு தடவை உட்காராமல் போயிருந்தால்?

"டைப் பண்ணுங்க சார்" என்றேன்.

அவரே கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தார். பிரின்டரிலிருந்து வந்த தாளை என் முன்னால் வைத்தார். 'எங்கள் தாய்மொழி உருது ஆகும். எனக்கு தமிழ் எழுத படிக்க தெரியாது. எனவே என் மகளின் படிவத்தில் வேறொருவர் செய்த திருத்தம் எனக்கு தெரியாமல் நடந்தது.'

என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. அரிகிருஷ்ணன் என் கையைப் பிடித்தார்.

"என்ன சார் பண்றீங்க? கையெழுத்தெல்லாம் போடக் கூடாது. கைநாட்டு வைக்கணும்."

நான் கையெழுத்துப் போடப் போவதாக அவர் நினைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லவில்லை. பேனாவை விட்டுவிட்டேன்.

"ஒரு நிமிஷம். கைநாட்டு வெக்கறவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்னு விதி. அப்பத்தான் நான் கீழ கையெழுத்துப் போட முடியும்" என்றார். தாளைக் கையில் எடுத்தார். எனக்குத் தமிழ் தெரியாது என்று எனக்கே தமிழில் வாசித்துக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

முத்திரை குத்துகிற ஊதா மையை நகர்த்தி வைத்தார். இடது கட்டைவிரலை அழுத்தினேன். செம்புக் குழாய் வளைத்து வளைத்துத் தேய்ந்துபோன விரல், ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். இரண்டாவது தடவையும் பாதிதான் விழுந்தது. போதும் என்றார். சாட்சி என்ற இடத்தில் ரூக்சார் கையெழுத்துப் போட வேண்டும். தாளைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடும்மா என்று அவர் சொன்னதும் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். பிறகு இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அரிகிருஷ்ணன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பட்டியலில் அவள் பெயர் ஏறியிருந்தது. ஏழாவது கட்டம் உருது, எட்டாவது கட்டம் இந்தி. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பெண் எழுதியபடியே.

"ஹைதராபாத் போய் நல்லாப் படிம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைக் கட்டினார்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதிப் படியில் ரூக்சார் நின்றாள்.

"அத்தா."

"என்னம்மா?"

"அந்த லெட்டர்ல ரெண்டாவது லைன்ல மூணு ஒற்று விட்டுப்போச்சு." விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தமிழ், அங்க ஒரு த். எழுதப் படிக்க, ஒரு ப். படிக்கத் தெரியாது, இன்னொரு த். மூணாவது லைன்லயும் ஒண்ணு. எனக்குத் தெரியாமல். அதுக்குத்தானே நீங்க பேனாவை எடுத்தீங்க? எல்லாம் சரியா அத்தா?"

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தவறவில்லை. அன்றைக்கு மேஜையைத் தட்டித் தட்டி நான் கேட்ட ஒற்று, நான் பக்கத்தில் இல்லாத ஏதோ ஒரு நேரத்தில் அவளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் பயமில்லாமல் அவள் தமிழைப் பற்றிக் கேட்டது இந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கட்டிக்கொண்டு கொஞ்சலாம் போல இருந்தது. ஓ என்று கத்தி அழலாம் போலவும் இருந்தது.

"என்னைக் கேட்டா?" என்றேன். "எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதேம்மா."

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, என் கட்டைவிரலைப் பிடித்துத் துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள், அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மை போகவே இல்லை.